எழும்பாத வட்டம்

அத்தியாயம் 14

கேப்டனைப் போன வாரம் குளியலறையில், கையில் பிரஷ்ஷோடு விட்டுவிட்டு வந்தோம். பிதுக்கிய பேஸ்ட் பிரஷ்ஷில் விழாமல் ஒரு விரற்கடை தள்ளித் தொட்டிக்குள் விழுந்துகிடந்தது. மனிதர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது தடவை குழாயின் வாயைப் பிரஷ்ஷில் முட்டக் கொடுத்து, தொட்டு உணர்ந்த பிறகு பிதுக்கினார். சரியாக விழுந்தது. பதினோரு மாதமாக எல்லாவற்றையும் இப்படித் தொட்டுத் தொட்டுத்தான் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார். டம்ளரில் தண்ணீர் ஊற்றுவது, பூட்டில் சாவி போடுவது, கடைசிப் படியில் கால் வைப்பது. ஆகாயத்தில் மட்டும் தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேப்டன் மீட்பு ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருஷ அனுபவம். போன வருஷம் இறகுப்பந்து ஆடும்போது பந்து நேராக வந்து இடது கண்ணில் அடித்தது. வீக்கம் வற்றியது, பார்வையும் திரும்பியது. ஆனால் ஏதோ ஒன்று திரும்பவில்லை. தெரிந்தவர் கண்ணில் படாத ஊராகப் பார்த்துப் போய், பொய்ப் பெயர் கொடுத்து ஒரு டாக்டரிடம் காட்டினார்.

"ரெண்டு கண்ணும் தனித்தனியா நல்லாத்தான் பாக்குது சார். சேர்ந்து பாக்க மாட்டேங்குது. எது கிட்ட, எது எட்டங்கிறது உங்களுக்கு இனிமே சரியாத் தெரியாது. கார் ஓட்டறதுன்னா பழகிக்கலாம். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆபீஸ் வேலைதான்" என்றார் கேப்டன்.

அதற்கப்புறம் செய்ததுதான் வெளியில் சொல்ல முடியாதது. பைலட்டுகளுக்கு வருஷா வருஷம் நடக்கும் கண் பரிசோதனையில் ஒரு அட்டை உண்டு. கட்டத்துக்கு நாலு வட்டம். நல்ல கண்ணுக்கு அதில் ஒன்று மட்டும் அட்டையை விட்டு எழும்பி நிற்கும். கேப்டனுக்கு எதுவும் எழும்பவில்லை. பரிசோதனை நடப்பது அவருடைய தங்கை வேலை பார்க்கிற கண் கிளினிக்கில். அண்ணனைத் தங்கை சோதிக்கக் கூடாது என்பதால் வேறொருவர்தான் உட்கார்ந்து சோதித்தார். ஆனால் முந்தின வாரமே விடைகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அண்ணன் கையில் திணித்தவள் தங்கை. அப்பா அம்மா இல்லாத வீட்டில் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் கூட்டிப் போன அண்ணன் முதல் தடவையாக அவளிடம் ஒன்று கேட்டபோது, மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"கீழே, இடது, கீழே, மேலே, வலது..." பரிசோதனை நாளில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். பத்துக்குப் பத்து.

பல் தேய்த்து முடித்து, கேப்டன் சீருடை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். மாடியில் அவர், கீழே தங்கையும் அவள் புருஷனும். கல்யாணம் செய்துகொள்ளாத அண்ணனுக்கு மூன்று வேளையும் தங்கை வீட்டுச் சாப்பாடுதான்.

தங்கை புருஷன் அதே ஹெலிகாப்டரில் கதவாள். இறங்கும்போதும் ஏறும்போதும் திறந்த கதவோரம் இடுப்பு வாரில் தொங்கியபடி கீழே எட்டிப் பார்த்து, தரை எத்தனை அடி, பக்கத்தில் மரம் எத்தனை அடி என்று பைலட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற வேலை. வேலை நேரத்திலும் வாய் ஓயாது, வீட்டிலும் ஓயாது. அதனால் ஊருக்கே அவன் 'ரேடியோ.'

"வாங்க மச்சான்" என்றான் ரேடியோ, வாயில் ரொட்டியோடு. "இந்த வீட்டு நியாயத்தைக் கேளுங்க. உங்க தங்கச்சி ஊர்க் கண்ணையெல்லாம் டெஸ்ட் பண்றா. வீட்டுல நிறைஞ்சு கிடக்கிற குப்பைக்கூடை மட்டும் அவ கண்ணுக்குத் தெரியறதில்லை. அது என் கண்ணுக்குத்தான் தெரியணுமாம்."

தங்கை சிரிக்கவில்லை. கண்ணு, டெஸ்ட் என்ற வார்த்தைகள் வந்தாலே இப்போதெல்லாம் அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

"அண்ணா, மேகமா இருக்கு இன்னிக்கு" என்றாள் திரும்பாமலே.

அவள் சொன்னதன் அர்த்தம் அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். வெயில் இருந்தால் ஹெலிகாப்டரின் நிழல் தரையில் விழும். கீழே போகப் போக நிழல் கிட்டே வரும். அதை வைத்துத்தான் அவர் பாதிக் கணக்குப் போடுகிறார். மீதிப் பாதி ரேடியோவின் குரல்.

"மேகமெல்லாம் மச்சானை என்ன பண்ணும்?" என்றான் ரேடியோ. "கண்ணைக் கட்டி விட்டாலும் இறக்கிடுவாரு."

கேப்டன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

எட்டரை மணிக்கு அழைப்பு வந்தது. மலைச்சரிவில் ஒரு கல்குவாரி. பாறை சரிந்து ஒரு தொழிலாளியின் கால் நசுங்கிவிட்டது. வளைந்து வளைந்து போகிற சாலையில் ஆஸ்பத்திரிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். ஆகாய வழியில் கால் மணி. மூன்று பேர் கிளம்பினார்கள். முன்னால் கேப்டன், பின்னால் ரேடியோவும் நர்ஸும்.

கேப்டன் குவாரியை மேலிருந்து பார்த்தார். அத்தனையும் வெள்ளை. வெள்ளைப் பாறை, வெள்ளைத் தூள், மேலே வெள்ளை மேகம். இறங்க வேண்டிய தளத்தில் ஒரு புல் இல்லை, ஒரு பெட்டி இல்லை, பெரிசு சிறிசு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாமானும் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் போய்விடலாம். முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் முடியாது என்று கேட்பார்கள்.

"இறங்கறேன்" என்றார்.

"வாங்க மச்சான், வாங்க" என்று காதுக்குள் ரேடியோவின் குரல். "நாப்பது அடி. வால் பக்கம் சுத்தம். முப்பது. கொஞ்சம் வலது... போதும். இருபது. ஆளுங்க தள்ளி நிக்கறாங்க. பதினஞ்சு. தூசி கிளம்புது. பன்னெண்டு. பத்து. மெதுவா... எட்டு. நில்லுங்க. எட்டுல நில்லுங்க, தூசி..."

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து குவாரி மேஸ்திரி வாக்கிடாக்கியில் கத்தினான். "சார், ரத்தம் நிக்கலை சார், சீக்கிரம் சார்!" அவன் குரல் ரேடியோவின் குரலை அமுக்கிவிட்டது. மூன்று விநாடி. நாலு விநாடி இருக்கலாம்.

கேப்டன் கீழே பார்த்தார். தூசி விலகிய ஒரு சின்ன இடைவெளியில் வெள்ளைத் தரை தெரிந்தது. தொட்டுவிடுகிற தூரம். அடி, ஒன்றரை அடி இருக்கும். மற்ற நாளாக இருந்தால் காத்திருப்பார். ரத்தம் நிக்கலை என்ற சத்தம் காதில். இடது கை நெம்புகோலைக் கீழே இறக்கியது.

தரை அங்கே இல்லை.

வயிறு மேலே வந்தது. பிறகு முதுகுத்தண்டில் சம்மட்டி அடி. ஹெலிகாப்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, நேராகி நின்றது. பின்னால் ஏதோ மடாரென்று மோதியது. ரேடியோவின் பேச்சு நின்றுபோயிருந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு ஓடியபோது ரேடியோ வெள்ளைத் தூளில் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்து ரத்தம். இடது மணிக்கட்டு இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது. நர்ஸுக்குக் காயமில்லை. தரையில் ஊன்றும் இரும்புக் கால்களில் ஒன்று விரிந்து வளைந்துபோயிருந்தது. இனி இன்ஜினீயர் வந்து பார்க்காமல் அதைக் கிளப்பக் கூடாது. கம்பெனியின் இன்னொரு ஹெலிகாப்டர் பிரித்துப் போட்டபடி ஷெட்டில் கிடந்தது.

தொழிலாளியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிவந்து வைத்திருந்தார்கள். ஹெலிகாப்டரைப் பார்த்ததும் தெம்பு வந்து எழுந்திருக்கப் பார்த்த ஆளை, மறுபடியும் தூக்கிக்கொண்டுபோய் ஒரு வேனில் ஏற்றினார்கள். நர்ஸும் கூட ஏறிக்கொண்டாள். போகும்போது அந்த ஆள் கேப்டனைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் அடியில்லையே சார்?" என்று கேட்டான்.

கேப்டன் வேனின் கதவைச் சாத்தினார்.

ஒரு மணி நேரத்தில் தலைமை பைலட் ஜீப்பில் வந்து இறங்கினார். எல்லோரும் 'சீஃப்' என்று கூப்பிடுகிற, ஐம்பத்தைந்து வயது அம்மாள். அதிகம் பேச மாட்டார். குனிந்து இரும்புக் காலைப் பார்த்தார். தூளில் விழுந்திருந்த தடத்தைப் பார்த்தார். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்த ரேடியோவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு?"

கேப்டன் வாயைத் திறந்தார். அதற்குள் ரேடியோ பேசிவிட்டான்.

"என் தப்புதான் சீஃப். எட்டுன்னு சொன்னதா ஞாபகம். ஆனா அது எட்டா இருக்க முடியாது. தூசியில கண்ணு ஏமாத்திருக்கணும். ரெண்டுன்னோ, ஒண்ணுன்னோ உளறித் தொலைச்சிருப்பேன்."

"நீ சொன்னது உனக்கே தெரியலையா?"

"மச்சான் இறக்கிட்டாரே சீஃப். மச்சான் கண்ணு தப்புப் பண்ணாது. பதினாலு வருஷமா பாக்கறேன். அப்போ நான்தான் தப்பாச் சொல்லியிருக்கணும்."

அவன் நடிக்கவில்லை. பழியைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொள்ளும் தியாகமும் இல்லை. மனசார அப்படித்தான் நம்பினான். பேச்சைப் பதிவு செய்யும் பெட்டி அந்தப் பழைய ஹெலிகாப்டரில் இல்லை. நர்ஸின் ஹெல்மெட் தரையோடு பேசும் சேனலில் இருந்ததால் அவளுக்கு மேஸ்திரியின் கத்தல்தான் கேட்டிருந்தது. எட்டு என்று சரியாகச் சொன்ன அந்தக் குரலைக் கேட்ட காது உலகத்திலேயே ஒரு ஜோடிதான்.

சீஃப் கேப்டன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

"தூசி அதிகமா இருந்தது" என்றார் கேப்டன்.

பொய் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதைச் சொல்லும்போது அவருக்குத் தன் உடம்பே கூசியது.

"சரி" என்று எழுந்தார் சீஃப். ரேடியோவிடம் சொன்னார். "கை சரியானாலும் விசாரணை முடியறவரைக்கும் நீ கதவுப் பக்கம் நிக்க வேண்டாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் ஆபீஸுக்கு வந்து எழுதிக் குடுங்க."

ரேடியோ தலையை ஆட்டினான். "ஸாரி மச்சான்" என்றான். "உங்க பேருல இது ஒரு கறையாப் போச்சு என்னால."

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் அவனுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது தங்கை வந்து சேர்ந்தாள். கிளினிக்கின் வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தாள். உள்ளே போய்ப் புருஷனைப் பார்த்தாள், நெற்றியைத் தடவினாள், வெளியே வந்தாள். வராந்தாவில் அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

"அவரு தப்பாச் சொன்னாரா?"

கேப்டன் அவள் செருப்பைப் பார்த்தார்.

"அண்ணா, உன்னைத்தான் கேக்கறேன். அவரு தப்பாச் சொன்னாரா?"

"இல்லை. எட்டுன்னு சரியாத்தான் சொன்னான். நில்லுங்கன்னும் சொன்னான்."

"உனக்கு எத்தனைன்னு தெரிஞ்சுது?"

"ஒண்ணு. ஒண்ணரை."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு தள்ளுவண்டி அவர்களைத் தாண்டிப் போகும்வரை இரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

"உள்ள அவரு என்ன சொல்றாரு தெரியுமா? 'மச்சான் முகத்தைப் பாக்க வெக்கமா இருக்கு'ன்னு சொல்றாரு. யாருக்கு யாரைப் பாக்க வெக்கமா இருக்கணும் அண்ணா?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவன்..."

"அப்புறம் மூடிக்கிட்டே."

"சொன்னா உன் வேலை போகும். விடையை யாரு குடுத்தான்னு தோண்டுவாங்க. உன்னை நினைச்சுத்தான்..."

"என்னை இழுக்காதே!" குரல் உயர்ந்துவிட்டது. தணித்துக்கொண்டாள். "எனக்காகப் பேசாம இருந்தேன்னு மட்டும் சொல்லாதே. நான் செஞ்சது தப்பு. அதுக்கு நான் கூனிக் குறுகறது போதும். அந்தக் காகிதத்தை எழுதினப்போ என்ன நினைச்சேன் தெரியுமா? உனக்குப் பின்னாடி இவரு இருக்காரே, குரல் குடுத்துப் பாத்துப்பாருன்னு நினைச்சேன். என் புருஷனையே உனக்குக் கண்ணா அனுப்பிட்டு, அதை அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இருந்தேன். தினமும் அவருக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்துட்டு."

சின்ன வயதில் அவள் எதையாவது உடைத்துவிட்டு வந்து நின்றால் கேப்டன்தான் தண்டனை வாங்கிக்கொள்வார். அந்த அண்ணன் எங்கே போனான் என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் நர்ஸ் வந்தாள். காலையிலிருந்து அதே உடை, முழங்கையெல்லாம் காய்ந்த ரத்தம்.

"கேப்டன், குவாரி பேஷன்ட்டுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது. உயிருக்கு ஒண்ணுமில்லை." ஒரு மூச்சு விட்டாள். "காலைக் காப்பாத்த முடியலை. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தாள். "நீங்க என்ன பண்ணுவீங்க கேப்டன். தூசி."

அவள் போன பிறகு தங்கை கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அஞ்சு மணிக்குத்தானே போறீங்க? நான் வீட்டுல இருக்கேன். நீயே சொல்லிடு. நீ சொல்லலைன்னா ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி அவருகிட்ட நான் சொல்லிடுவேன். ஆனா நீ சொல்லு அண்ணா."

அஞ்சு மணிக்குச் சீஃப்பின் அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. மாவுக்கட்டைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ரேடியோ, வலது கையால் எழுதத் தயாராகப் பேனாவை எடுத்தான்.

"முதல்ல நான் எழுதறேன் சீஃப். என் தப்பு என்னன்னு..."

"எழுதாதே மாப்ள" என்றார் கேப்டன்.

குரல் அவருடைய குரலாகவே இல்லை.

"அவன் எட்டுன்னு சொன்னான் சீஃப். நில்லுங்கன்னும் சொன்னான். என் காதுல விழுந்தது. நான்தான் இறக்கினேன். தரை ஒரு அடியில இருக்குன்னு எனக்குத் தோணிச்சு. எனக்கு அப்படித்தான் தோணும். பதினோரு மாசமா எது கிட்ட, எது எட்டம்னு எனக்குத் தெரியாது."

ரேடியோ சிரித்தான். ஏதோ ஜோக் என்று நினைத்துவிட்டான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது.

ரேடியோ கையிலிருந்த பேனாவைச் சீஃப் வாங்கினார். மூடியைக் கழற்றித் தன் இரண்டு விரலில் பிடித்து மேஜைக்கு மேலே அந்தரத்தில் நீட்டினார். பேனாவைக் கேப்டனிடம் கொடுத்தார்.

"மூடியைத் தொடாம, மேலேருந்து நேரா உள்ள விடுங்க."

கேப்டன் கையை நீட்டினார். கை நடுங்கவில்லை, இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மூடிக்கு நேர் மேலே கொண்டுவந்தார். உறுதியாகத்தான் இறக்கினார். பேனா வெறும் காற்றில் இறங்கி மேஜையில் குத்தியது. மூடி இரண்டு விரற்கடைக்கு அப்பால் இருந்தது.

"இன்னொரு தடவை" என்றார் சீஃப்.

இந்தத் தடவை இந்தப் பக்கம் தவறியது.

மூன்றாவது தடவைக்கு முன்னால், "போதும் சீஃப்" என்றான் ரேடியோ. "போதும், விட்டுடுங்க அவரை."

திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். உடைந்த கையோடு தனக்காகக் கெஞ்சுகிறானே என்றபோதுதான் கேப்டனுக்குக் கண் நிறைந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தோளில் இருந்த பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்தார். யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் வைத்தார்.

சீஃப் அலமாரியிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்துப் புரட்டினார்.

"மூணு மாசம் முன்னாடி கண் பரிசோதனை. வட்டம் பாக்கற டெஸ்ட்ல பத்துக்குப் பத்து. ஒண்ணு ரெண்டு குருட்டாம்போக்குல வரலாம். பத்தும் வராது. விடை எங்கேருந்து கிடைச்சுது?"

"மனப்பாடம் பண்ணேன்."

"எதைப் பாத்து?"

"அதை மட்டும் கேக்காதீங்க சீஃப். மத்த எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"கேக்காம இருக்க முடியாது. அதே கிளினிக்லதான் இங்க இருக்கிற ஒன்பது பைலட்டுக்கும் டெஸ்ட். இப்போ ஒன்பது பேரையும் நான் தரையில நிறுத்தணும். விடை வெளிய வந்தது எப்படின்னு தெரியாம யாரையும் மேல அனுப்ப மாட்டேன்."

ரேடியோ கோப்பை எட்டிப் பார்த்தான். கிளினிக்கின் பெயர் அச்சடித்த தாள். தினமும் காலையில் பெண்டாட்டியை ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிற வாசலின் பெயர். அதைப் படித்தான். இன்னொரு தடவை படித்தான்.

"மச்சான்" என்றான் மெதுவாக. "என் போன் இடது பாக்கெட்ல இருக்கு. இந்தக் கட்டோட எடுக்க வரலை. எடுத்துக் குடுங்க."

கேப்டன் அசையவில்லை.

"எடுங்க மச்சான்."

எடுத்தார். கண்ணாடித் திரையில் விரல் சரியான இடத்தில் பட இரண்டு முறை தடவ வேண்டியிருந்தது. ரேடியோ பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அவளுக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல போட்டு இங்க வைங்க."

போன் மேஜையில், கழற்றிவைத்த பட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்து ஒலித்தது. ஒரே ஒரு மணிதான். கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தவள் போல அவள் உடனே எடுத்தாள். ரேடியோவை ஹலோ சொல்லக்கூட விடவில்லை.

"என்னங்க, அண்ணன் சொல்லிட்டாரா?"